நர்சிங் பாடத்திட்டத்தை எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது?

கமிட்டியில்_மாட்டியவள்:

எல்லாருக்கும் வணக்கம். வார்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு நர்சிங் காலேஜில் டியூட்டராகச் சேர்ந்தவள். எங்கள் நான்கு வருடப் படிப்பின் பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறார்கள். கமிட்டியில் என் பெயரையும் போட்டுவிட்டார்கள். முதல் கூட்டத்தில் பழைய சிலபஸை ஆளுக்கொரு பகுதியாகக் கொடுத்து, "அவங்கவங்க பாடத்துல என்ன சேர்க்கணும்னு எழுதிட்டு வாங்க" என்றார்கள். சேர்க்க எல்லாரிடமும் பட்டியல் இருக்கிறது. எடுக்க ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

எனக்கு மூன்று சந்தேகம். நர்சிங் கவுன்சில் சிலபஸையும் மணிக்கணக்கையும் கொடுத்துவிட்ட பிறகு நாம் திட்டமிட என்ன மிச்சம் இருக்கிறது? டைலர், டாபா என்று பாடத்திட்ட அறிஞர்களைப் பற்றி எம்.எஸ்சி.யில் எழுதித் தள்ளினோமே, அதெல்லாம் நிஜமாக உட்கார்ந்து எழுதும்போது உதவுமா? திருத்தியது நன்றாக வந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? வருடக் கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம் வாங்குகிறோம். எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று ஒரே கோடாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

---

நைட்_டூட்டி:

நான் வார்டு இன்சார்ஜ், காலேஜ் அரசியல் தெரியாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நோயின் அறிகுறிகள் வரிசையாக மனப்பாடம். ஐ.வி. போடுவார்கள், டிரெஸ்ஸிங் செய்வார்கள். ஆனால் ஆறு நோயாளிகளை ஒரே ஷிஃப்டில் கொடுத்தால் யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறார்கள். காலேஜில் ஒரு மாணவிக்கு ஒரு நோயாளி, அவருக்குப் பத்துப் பக்கம் கேர் பிளான். இங்கே ஒரே ஒரு நோயாளியோடு யாரும் டூட்டி பார்ப்பதில்லை. இன்னொன்று, டாக்டருக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்பது. "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் அவர் என்ன செய்வார்? இந்த இரண்டையும் எங்கேயாவது சொருகுங்கள்.

---

பழைய_வார்டுக்காரி:

நைட் டூட்டி சார் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து அடுத்த கூட்டத்தில் முதல் காகிதமாக வையுங்கள் தங்கச்சி. தேவை அறிதல் என்று பக்கம் பக்கமாகப் படித்தோமே, அதில் பாதி இதில் வந்துவிட்டது. மீதிக்கு, படித்து முடித்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆன உங்கள் மாணவர்களைப் பிடியுங்கள். மருத்துவமனையில் நடந்த தவறுகளும் மயிரிழையில் தப்பியவையும் பதிவாகும் ரிஜிஸ்டரைப் பார்ப்பவரையும் பிடியுங்கள். பழைய மாணவர்களிடம் "படிப்பு எப்படி இருந்தது" என்று கேட்டால் மரியாதைக்கு நல்லதாகச் சொல்வார்கள். "வேலைக்குச் சேர்ந்த புதிதில் எப்போது பயந்தாய்?" என்று கேளுங்கள். நீங்கள் எழுதி முடிக்க மாட்டீர்கள்.

கவுன்சில் விஷயம். எந்த நாட்டிலும் கவுன்சில் போடுவது தரை மட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: குறைந்தது 3 வருடம், 4600 மணி நேரம், அதில் குறைந்தது பாதி கிளினிக்கல், மூன்றில் ஒரு பங்கு தியரி. அந்த 4600-ஐ எந்த வரிசையில் அடுக்குவது, எந்தப் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, முன்னால் எந்த வகுப்பு, எதைப் பரீட்சையில் வைப்பது என்பதெல்லாம் காலேஜின் கையில்தான் இருக்கிறது. அங்கேதான் பாடத்திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும்.

டைலர் 1949-இல் கேட்டது நாலு கேள்வி. எதை அடையப் போகிறோம், அதற்கு என்ன அனுபவம் தரணும், அவற்றை எப்படி அடுக்கணும், அடைந்தோமா என்று எப்படிப் பார்ப்பது. உங்கள் கமிட்டி முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து "என்ன சேர்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்கிறது. டாபா 1962-இல் சொன்னது, மேலிருந்து எழுதிக் கீழே இறக்காமல் பாடம் நடத்துகிறவர்களே ஒரு சின்ன அலகிலிருந்து ஆரம்பித்து மேலே கட்டட்டும் என்பது. என் அனுபவத்தில் கூட்டத்தில் பேச டைலர், எழுத உட்காரும்போது டாபா. முழு சிலபஸையும் மேஜையில் விரித்தால் சண்டைதான் மிஞ்சும். ஒரே ஒரு திறனை எடுத்து நாலு வருடத்துக்கும் அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

நான் எப்போதும் எடுப்பது மூச்சு எண்ணிக்கை. அற்ப விஷயம் என்று தோன்றும். ஏதாவது ஒரு வார்டு சார்ட்டைப் பாருங்கள்: 20, 20, 18, 20, 20. ஆபரேஷன் முடிந்து தூங்குகிறவருக்கும் 20, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கும் 20. காய்ச்சலை மெஷின் காட்டிவிடும், பி.பி.யையும் காட்டிவிடும், ஆக்சிஜன் அளவையும் விரலில் மாட்டினால் காட்டிவிடும். மூச்சை மட்டும் ஆள் நின்று ஒரு முழு நிமிடம் எண்ணணும். நோயாளி மோசமாகிறார் என்பதை முதலில் சொல்வதும் பெரும்பாலும் அதுதான். நியூஸ்2 என்கிற எச்சரிக்கை ஸ்கோரில் 12 முதல் 20 வரை மூச்சுக்குப் பூஜ்யம். 21 முதல் 24 வரை 2. 25-ஐத் தொட்டால் 3, அந்த ஒன்றே போதும் அவசரமாக ஆளைக் கூப்பிட. சும்மா 20 என்று எழுதுகிறவர் அந்த ஸ்கோர் ஷீட்டையே குருடாக்கிவிடுகிறார்.

முன்பு நான் இருந்த ஒரு காலேஜில் இதை வைத்து ஒரு பெரிய எக்செல் ஷீட் போட்டோம். இடது பக்கம் பாடங்கள், மேலே 'எங்கே சொல்லித் தருகிறோம், எங்கே செய்ய வைக்கிறோம், எங்கே சோதிக்கிறோம்'. உடற்கூறு, உடலியங்கியல், நர்சிங் அடிப்படை, மெடிக்கல் சர்ஜிகல், குழந்தை நலம், மகப்பேறு, ஐ.சி.யூ. என்று எல்லாப் பாடத்திலும் மூச்சு இருந்தது. எல்லாரும் 'பெரியவர்களுக்கு இயல்பு 12 முதல் 20' என்று ஆனா ஆவன்னாவிலிருந்தே ஆரம்பித்தார்கள். பரீட்சையில் 'அசாதாரண சுவாச வகைகளை விவரி, 5 மார்க்' இருந்தது. நிஜ நோயாளியிடம் எண்ணியது சரியா என்று ஒருவர் கூட நின்று சரிபார்த்த இடம் அந்த ஷீட்டில் இல்லை. '28 வந்தால் நீ என்ன செய்வாய்' என்ற கேள்வியும் இல்லை. அந்த 5 மார்க்கை விட்டால் 'எங்கே சோதிக்கிறோம்' என்ற மூன்றாவது கட்டம் மேலிருந்து கீழ் வரை காலி.

பிறகு மாற்றி எழுதியது இப்படி. முதல் வருடத்தில் மாணவியும் டியூட்டரும் ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் எண்ணி, தனித்தனித் துண்டில் எழுதி, அப்புறம் ஒப்பிடுவது. வித்தியாசம் இரண்டுக்கு மேல் போனால் மறுபடி. இரண்டாம் வருடத்தில் ஏன் என்பது: சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் அமிலம் ஏறினால் மூச்சு ஏன் ஆழமாக வேகமாகப் போகிறது, மார்ஃபினுக்கு ஏன் குறைகிறது. மூன்றாம் வருடத்தில் குழந்தை. அங்கே கணக்கே வேறு. 2 மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40, அதைத் தொட்டால் வேக மூச்சு. கடைசி வருடத்தில் நைட் டூட்டி சார் கேட்டது: ஆறு நோயாளி, ஆறு சார்ட், யாரிடம் முதலில் போவாய், போனில் என்ன சொல்வாய். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்று நாலு வாக்கியம். 'இயல்பு 12 முதல் 20' என்பது முதல் வருடத்தோடு போயிற்று. மற்றவர்கள் அதைத் திரும்ப நடத்தத் தேவையில்லை. உங்களுக்கு 'எடுக்க ஒன்றும் இல்லை' என்ற பிரச்சினை இருக்கிறதே, அது இந்த ஷீட் போட்டால் தானாக வெளியே வரும். கை கழுவுதலை எத்தனை பாடத்தில் முதலிலிருந்து நடத்துகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே விஷயத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாக்கித் திரும்பக் கொண்டுவருவதை புரூனர் 1960-லேயே சுருள் பாடத்திட்டம் என்றார். நாம் சுற்றுகிறோம், ஆழம் மட்டும் போவதில்லை.

ரொட்டேஷன் பிளானைச் சொல்லாமல் விட முடியாது. வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து வார்டுக்கு அனுப்புகிறோம். முதல் குழு குழந்தைகள் வார்டுக்குப் போகும்போது குழந்தை நல வகுப்பு ஆரம்பித்தே இருக்காது. நாலாவது குழு போகும்போது படித்ததில் பாதி மறந்திருக்கும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது, ஆளும் இடமும் அவ்வளவுதான். எந்தப் போஸ்டிங்குக்கும் முன்னால் இரண்டு மூன்று நாள் 'இது தெரியாமல் வார்டில் கால் வைக்காதே' என்கிற வகுப்பை மட்டும் எல்லாக் குழுவுக்கும் அவரவர் போகும் வாரத்தில் வையுங்கள். டோஸ் கணக்கு, ஆபத்து அறிகுறி, யாரைக் கூப்பிடுவது, இவ்வளவு போதும். நோய்களின் விரிவான பாடம் தன் பாட்டுக்கு நடக்கட்டும். டைம் டேபிள் போடுகிறவர் முகம் சுளிப்பார். டீ வாங்கிக் கொடுத்து சமாளியுங்கள்.

---

மூன்றாம்_வருடம்:

மேடம், மாணவி பக்கமிருந்து ஒன்று சொல்லலாமா? எங்கள் லாக்புக்கில் இத்தனை கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) பார்க்கணும், இத்தனை போடணும் என்று எண்ணிக்கை இருக்கிறது. போஸ்டிங்கின் கடைசி வாரத்தில் ஒரு நோயாளிக்குக் கத்தீட்டர் என்றால் திரைக்குள் ஏழு பேர் நிற்கிறோம். பாவம் அந்த அம்மா. போடுவது ஒருத்தி, ஏழு பேருக்கும் கையெழுத்து. எண்ணிக்கை நிறைந்துவிட்டது என்றால் எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

---

பழைய_வார்டுக்காரி:

சரியாகப் பிடித்தாய் பாப்பா. எண்ணிக்கை என்பது வாய்ப்புக் கிடைத்ததா என்பதற்கான கணக்கு. அதை வைத்துத் திறமையைச் சொல்ல முடியாது. மில்லர் 1990-இல் படிப்படியாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்ட முடியும், நிஜ வேலையில் செய்கிறார். ஏழு கையெழுத்தில் ஆறு இரண்டாம் படியில்கூட இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் 'துணையோடு செய்தார், பார்வையில் செய்தார், தனியாக விடலாம்' என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொன்னாலே பாதி பொய் நின்றுவிடும். தனியாக விடலாம் என்று எழுதக் கை கூசும்.

---

ஏட்டுச்சுரைக்காய்:

நானும் நர்சிங் ஆசிரியர்தான், கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் திறன், செக்லிஸ்ட், ஆஸ்கி (ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டும் தேர்வு) என்று துண்டு துண்டாக்கினால் நர்சிங் என்பது வேலைகளின் பட்டியலாகிவிடும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு எந்தக் கட்டத்தில் மார்க்? பென்னர் 1984-இல் தொடக்கநிலையாளரிலிருந்து நிபுணர் வரை ஐந்து நிலை சொன்னாரே. நிபுணர் செக்லிஸ்டைப் பார்த்தா வேலை செய்கிறார்? பார்த்தவுடனே 'ஏதோ சரியில்லை' என்று அவருக்குத் தெரிகிறது.

---

பழைய_வார்டுக்காரி:

நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பென்னரின் கணக்கில் படித்து முடித்து வெளியே வருகிறவர் இரண்டாம் நிலை தாண்டாதவர். நிபுணருக்கு வரும் உள்ளுணர்வு நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து வருவது, நாலு வருடத்தில் அதைத் தருகிறோம் என்று பாடத்திட்டத்தில் எழுதினால் அது பொய். தொடக்கத்தில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள விதி வேணும்.

செக்லிஸ்ட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஹார்டன் 1975-இல் ஆஸ்கியை எழுதியபோது நோக்கம் வேறு: எல்லா மாணவருக்கும் ஒரே சூழ்நிலை, ஒரே அளவுகோல், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிர்ஷ்டம் விளையாடக் கூடாது. நாம் அதை என்ன செய்தோம்? கை கழுவினார் 1 மார்க், பெயர் சொன்னார் 1 மார்க், திரை போட்டார் 1 மார்க். நடிக்கிற நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, ஒரு மாணவி எல்லாம் அழகாகச் செய்து பத்துக்கு எட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதைத் தவறவிட்டால் மற்ற மார்க்கு செல்லாது என்று ஒரு படியாவது வையுங்கள். கூடவே மொத்தமாக ஒரு கேள்வி: 'இவர் கையில் இந்த நோயாளியை விட்டுவிட்டுப் போவீர்களா?' தேர்வாளர் ஆம், இல்லை, தயக்கம் என்று குறிக்கட்டும்.

டேனர் 2006-இல் கொடுத்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. கவனிப்பது, அதற்கு அர்த்தம் காண்பது, செயல்படுவது, பிறகு திரும்பிப் பார்ப்பது. நாம் மூன்றாவதற்கு மட்டும் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது என்றீர்களே, அது கவனிப்பதில் வருகிறது. ஷிஃப்ட் முடிந்து உட்காரும் நேரத்தில் 'இன்று யாரிடம் என்ன மாற்றம் பார்த்தாய்' என்று கேட்டு அதற்கும் இன்டர்னல் மார்க் வையுங்கள். பேசாதவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

---

கமிட்டியில்_மாட்டியவள்:

மேடம், கும்பிடறேன். ஷீட்டை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது சந்தேகம் பாக்கி இருக்கிறது. திருத்தியது பலித்ததா என்று எப்படித் தெரியும்? பிரின்சிபால் பாஸ் சதவீதத்தைத்தான் கேட்பார். இன்னொன்று, சிமுலேஷன் லேப் (பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் இடம்) வாங்கியிருக்கிறார்கள், போஸ்டிங் மணி நேரத்தைக் குறைத்து அங்கே போடலாமா என்கிறார்கள்.

---

பழைய_வார்டுக்காரி:

சிமுலேஷனைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் கவுன்சில்களின் தேசிய அமைப்பு 10 காலேஜ்களில் ஒப்பிட்டுப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டது. கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றியும் கடைசியில் மாணவர்களின் அறிவிலும் திறனிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. ஆனால் அங்கே நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் உட்கார்ந்து அலசினார்கள். பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஊசி குத்தப் பழக்குவதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். முதலில் யாருக்குப் பயிற்சி என்று கேளுங்கள், அப்புறம் மணி நேரம்.

மதிப்பீடு. ஃபீட்பேக் ஃபார்ம் கெட்டதில்லை, அது முதல் படிக்கட்டு. கிர்க்பாட்ரிக் 1959-லேயே நாலாகப் பிரித்துவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் ஏதாவது மாறியதா. பாஸ் சதவீதம் இரண்டாம் படியில் நிற்கிறது, அதுவும் கேள்வித்தாள் ஒழுங்காக இருந்தால்தான். அதனால் முதலில் கேள்வித்தாளையே சோதியுங்கள். வகுப்பில் மேல் மார்க் வாங்கிய 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் என்று எடுத்து, ஒவ்வொரு ஒரு மார்க் கேள்வியிலும் இரண்டு குழுவிலும் சரியாக எழுதியவர்களின் விகிதத்தைக் கழியுங்கள். 0.2-க்குக் கீழே வந்தால் அந்தக் கேள்வியை மறுபடி படியுங்கள். மைனஸில் வந்தால், அதாவது நன்றாகப் படிப்பவர்கள் தப்பாகவும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பே தப்பு, இல்லாவிட்டால் கேள்விக்கு இரண்டு அர்த்தம். சின்ன வகுப்பென்றால் எண் தள்ளாடும், ஆனாலும் மைனஸ் கேள்வி கண்ணில் படும்.

ஸ்டஃபிள்பீம் சொன்ன சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என்ற நாலில் எல்லாரும் விளைவுக்கே ஓடுகிறார்கள். நான் செயல்முறையில்தான் நேரம் செலவழிப்பேன். எழுதியது நடக்கவே இல்லை என்றால் விளைவை அளந்து என்ன பயன்? ஒரு உதாரணம். மூச்சு எண்ணும் பாடத்தை அவ்வளவு கச்சிதமாக எழுதினோம். கொஞ்ச நாள் கழித்து வார்டுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். மாணவி கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஸ்டாஃப் ஒருவர் கடந்து போகும்போது, "இன்னும் பத்து பெட் இருக்கு, எண்ணிக்கிட்டு நிக்காத, இருபதுன்னு போட்டுட்டு வா" என்றார். திட்டுவதற்கில்லை, அவர் பாடு அவருக்கு. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்கள் எழுத்தையெல்லாம் தின்றுவிட்டது. ஜாக்சன் 1968-இல் மறைமுகப் பாடத்திட்டம் என்று சொன்னது இதைத்தான், எழுதாமலே கற்றுத் தரப்படுவது. அதைக் கண்டுபிடிக்க எந்த ஃபார்மும் உதவாது, போய் நிற்கணும். அப்புறம் செய்தது என்னவென்றால், வார்டு இன்சார்ஜ்களைப் பாடத்திட்டக் கூட்டத்தில் உட்கார வைத்தோம். சார்ட்டில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எண்ணியவர் கையெழுத்துக்கு இடம் விட்டதும் அவர்கள் யோசனைதான், எங்களுக்குத் தோன்றவில்லை.

பிரின்சிபால் பாஸ் சதவீதம் கேட்டால் கொடுங்கள், சண்டை வேண்டாம். கூடவே இன்னொரு பக்கம் சேருங்கள். திருத்தாத பாடத்திட்டத்தில் படித்து முடிக்கும் பேட்சுக்கு இப்போதே அந்த ஆறு நோயாளி ஸ்டேஷனை வைத்து மார்க்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை இப்போது செய்யாவிட்டால் பிறகு எதோடும் ஒப்பிட முடியாது, எல்லாக் கமிட்டியும் கோட்டை விடும் இடம் இதுதான். அப்புறம் புதிய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் கடைசி வருடம் வரும்போது அதே ஸ்டேஷன், முடிந்தால் அதே தேர்வாளர்கள். நடுவில் வேறு எதுவும் மாறினாலும் எழுதி வையுங்கள். டியூட்டர் எண்ணிக்கை கூடியிருக்கலாம், அட்மிஷன் முறை மாறியிருக்கலாம்.

---

நைட்_டூட்டி:

ஆறு நோயாளி ஸ்டேஷனுக்கு சார்ட் வேண்டுமென்றால் பெயர், நம்பர் எல்லாம் எடுத்துவிட்டு மாதிரி தயார் செய்து தருகிறேன். ஒருவரை மட்டும் கத்திக் கூப்பிடுகிறவராக வையுங்கள், அவருக்கு உண்மையில் ஒன்றும் இருக்கக் கூடாது. சத்தமே போடாதவரின் மூச்சு 26. என் வார்டில் தினமும் அப்படித்தான்.

---

கமிட்டியில்_மாட்டியவள்:

ரொம்ப நன்றி சார், கண்டிப்பாக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பக்கம்தான் கொண்டு போகலாம் என்கிறார்கள். எதை எடுத்துப் போவது மேடம்?

---

பழைய_வார்டுக்காரி:

அந்த எக்செல் ஷீட்டில் ஒரே ஒரு திறனின் வரிசைகள். அறிமுகம், விளக்கம், தத்துவம் எதுவும் வேண்டாம். காலிக் கட்டங்களுக்கு மட்டும் கலர் அடித்துக் கொண்டு போங்கள். யார் பாடத்தில் காலி என்று பெயர் போடாதீர்கள், பாடத்தின் எண் போதும். மூத்தவர்கள் கோபித்துக்கொண்டால் வேலை அதோடு நின்றுவிடும். அவர்களே கண்டுபிடித்து "இது நம்ம பாடம் போல இருக்கே" என்று சொல்லட்டும். சொன்ன பிறகு எதை எடுத்தால் அந்த நேரம் கிடைக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள்.